வேர் நுனியை மட்டும் நம்பாதே

அன்புள்ள தங்கைக்கு,

குரோமோசோம் எண்ணுவதற்கு நாம் எல்லோரும் வேர் நுனியில்தான் கை பழகினோம். விதை முளைத்தால் போதும். கோல்ச்சிசினில் ஊறவைத்து, சாயமேற்றி, கவர்ஸ்லிப்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் எண்ணிவிடலாம். தானியப் பயிர்களின் பி குரோமோசோம்களை, அதாவது உபரிகளை, ஆராய வந்த உனக்கு அந்தச் சௌகரியமே ஆபத்து.

ரை பயிரில் தொல்லையில்லை. வழக்கமான 14-க்கு மேல் உள்ளவை வேரிலேயே தெரியும். கோதுமையின் உறவான ஏஜிலாப்ஸ் ஸ்பெல்டாய்டிஸில் கருப் பருவத்திலேயே வேர்ப் பகுதி அவற்றைக் கழித்துவிடுகிறது. தண்டிலும் கதிரிலும் இருப்பது வேரில் இருக்காது. சோர்கம் பர்ப்யூரியோசெரிசியம் என்ற காட்டுச் சோளத்தில் கதிரில்தான் கடைசிவரை நிலைக்கும். இந்தக் கழிவை 1940-இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர், கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் முன்பு பணியாற்றிய ஜானகி அம்மாள். ஆகவே வேரை மட்டும் பார்த்துவிட்டு "செடியில் பி இல்லை" என்று எழுதிவிடாதே.

உடைந்த பி கிடைத்தால் ஒதுக்காதே. முழு வடிவம் சொல்லாததை அதுதான் சொல்லும். ரையில் மகரந்தத்தின் முதல் செல் பிரிவில் பி-யின் இரு இழைகளும் பிரியாமல், விந்தணுக்களைத் தரப்போகும் உட்கருவுக்கே சேர்ந்து போகின்றன. அதனால்தான் செடிக்குப் பயனில்லாமலே அது பெருகுகிறது. நீண்ட கையின் நுனியை இழந்த பி-யோ மற்றக் குரோமோசோம்களைப் போல ஒழுங்காகப் பிரிந்துவிடும். சூட்சுமம் அந்த நுனியில் இருப்பது இப்படித்தான் பிடிபட்டது. மக்காச்சோளத்தில் இதே தந்திரம் இரண்டாம் பிரிவில் நடக்கிறது.

பிறப்பைப் பற்றி எழுதும்போது நிதானம் வேண்டும். ரையின் பி ஒரு ஒட்டுத்துணி: 2012-இல் வந்த ஆய்வின்படி சுமார் 11 முதல் 13 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றியது, 3ஆர், 7ஆர் குரோமோசோம்களின் துண்டுகள் அதிகம், பசுங்கணிக, மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வும் ஒட்டியிருக்கிறது. அதே விடையை மக்காச்சோளத்துக்கும் எதிர்பார்த்தால் ஏமாறுவாய். 2021-இல் அதன் பி-யின் வரிசையைப் படித்து 758 ஜீன்களை அடையாளம் கண்டார்கள். ஆனாலும் இன்ன குரோமோசோமின் இன்ன பகுதியிலிருந்து வந்தது என்று காட்ட முடியவில்லை. ஜீன்கள் நெடுங்காலமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தவை. ஒரு ஜீன் ஒத்துப்போகிறது என்பதற்காக அதையே தாய் வீடு என்று சொல்லிவிடாதே. வழிகாட்டி அவசரப்படுத்தினாலும்தான்!

வேரை நம்பாமல் கதிரிலும் பி-யை எண்ண, இந்தப் பருவத்தில் கதிர் உறைக்குள் இருக்கும்போதே எடுத்து, 3 பங்கு ஆல்கஹாலும் 1 பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்து அதில் போட்டு வை. மகரந்தப்பை மஞ்சளாகிவிட்டால் காலம் கடந்துவிட்டது; இளம்பச்சையாக இருப்பதை எடு.

அன்புடன்,
அக்கா