பிளந்த தோட்டாக் கூடு சொல்லும் சாட்சி

சென்ற மழைக்காலத்தின் முடிவில், மலையடிவாரத்து விவசாயிகள் சங்கம் ஒன்றின் உரக் கிடங்கைச் சோதிக்கச் சென்றிருந்தோம். இருப்பை எண்ணி முடித்துப் பதிவேட்டில் கையெழுத்திடும் வேளையில், முதிய அங்கத்தினர் ஒருவர் ஒரு சிறு துணி முடிச்சை மேசைமீது வைத்து அவிழ்த்தார். சுடப்பட்ட பித்தளைத் தோட்டாக் கூடுகள் நான்கு அதில் இருந்தன. நான்கும் வாயருகே நீளவாக்கில் பிளந்திருந்தன.

"ஐயா, இது என் தகப்பனார் காலத்து ரைபிள். ரைபிள் சங்கத்துச் சுடுதளத்தில் நான்கு தோட்டா சுட்டுப் பார்த்தேன், நான்கும் இப்படி. குழல் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று பழுது பார்ப்பவர் பெருந்தொகை சொல்கிறார். தாங்கள் படித்தவர்கள், என்ன செய்யலாம் சொல்லுங்கள்" என்றார்.

நாம் துப்பாக்கி நிபுணர் அல்லோம். கல்லூரியில் பயின்ற வேதியியலும், கணக்குச் சோதனையில் கிடைத்த பழக்கமுமே நம் முதல். ஆயினும் அந்தக் கூடுகளைக் கண்டதும், குழலைக் குற்றம் சொல்லுமுன் வேறொன்றைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. அதனை விவரமாக எழுதுகிறோம். ஏனெனில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பொழுதுபோக்கு வேட்டை நம் நாட்டில் இல்லையெனினும், உரிமம் பெற்ற பழைய வேட்டை ரைபிள்கள் பல விவசாயக் குடும்பங்களில் இருந்து வருகின்றன. கேரளத்தில் 2022 முதல், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை உள்ளாட்சித் தலைவர்களின் உத்தரவின் பேரில் உரிமத் துப்பாக்கி உள்ளோரைக் கொண்டு சுடவும் ஏற்பாடு செய்யப்பட்டது. துப்பாக்கி ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கலாம்; தோட்டா சும்மா இருப்பதில்லை.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இதை விளங்கச் செய்வது எளிது. பாவில் இழை அறுந்தால் கைதேர்ந்த நெசவாளர் முதலில் அறுந்த இடத்தைப் பார்ப்பார். எந்தப் பாவை ஏற்றினாலும் அகலத்தில் அதே இடத்தில் அறுகிறதென்றால் குற்றம் அச்சிலோ விழுதிலோ உள்ளது. ஒரு குறிப்பிட்ட பாவில் மட்டும் அங்குமிங்குமாக அறுகிறதென்றால் நூலையோ கஞ்சியையோ சந்தேகிக்க வேண்டும். துப்பாக்கி தறி போன்றது. தோட்டா பாவு போன்றது. ஒரே பெட்டித் தோட்டா எந்த ரைபிளிலும் பிளந்தால் குற்றம் பெட்டியில். எல்லாப் பெட்டித் தோட்டாக்களும் ஒரே ரைபிளில் ஒரே இடத்தில் பிளந்தால் குற்றம் ரைபிளில்.

இனி, கூடு செய்யும் வேலை யாதெனப் பார்ப்போம். அது நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. தகட்டிலிருந்து வெட்டிய வில்லையைக் கிண்ணமாக்கி, படிப்படியாக இழுத்து நீட்டி, இடையிடையே காய்ச்சிப் பதப்படுத்திச் செய்கிறார்கள். அடிப்பாகம் கெட்டியாகவும் கடினமாகவும், வாய்ப்பாகம் மெல்லியதாகவும் இளக்கமாகவும் இருக்கவேண்டும். மருந்து எரியும்போது சதுர அங்குலத்துக்குப் பல்லாயிரம் பவுண்டு அழுத்தம் எழுகிறது. அந்தக் கணத்தில் கூடு விரிந்து, குழலின் பின்புறத்திலுள்ள தோட்டா அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் இம்மியளவு சுருங்கி வெளியே வரத் தயாராகிறது. சுடுபவரின் கண்ணுக்கும் அந்தக் கொதிக்கும் வாயுவுக்கும் நடுவே நிற்பது இந்த மெல்லிய பித்தளையே. ஆகவே அது எங்கே, எந்த வாக்கில் கிழிந்தது என்பது அற்ப விஷயமன்று.

நீளவாக்கில் வாயருகே மட்டும் பிளவு இருந்தால், பெரும்பாலும் பித்தளை தன் இளக்கத்தை இழந்துவிட்டது என்று பொருள். வாயு முன்புறமாகவே போய்விடுவதால் உடனடி அபாயம் குறைவு. அதே நீளப் பிளவு நடு உடலில் வந்தால் தோட்டா அறை அளவுக்கு மீறி அகன்றிருக்கலாம். அடியை நோக்கி இறங்கினால் எக்காரணமாயினும் சுடுவதை நிறுத்திவிட வேண்டும். அடியிலுள்ள கேப் துளைபட்டிருந்தாலோ பிதுங்கி விழுந்திருந்தாலோ, மிகை அழுத்தம், பொருந்தாத தோட்டா, ஊசியின் கோளாறு ஆகியவற்றைப் பழுது பார்ப்பவர் ஆராய வேண்டும். குழலுக்குள் குளவி கட்டிய மண்கூட்டைப் பாராமல் சுட்டோரும் உண்டு!

எல்லாவற்றிலும் கொடியது குறுக்குவாட்டுப் பிளவு. நம் அங்கத்தினரின் ரைபிள் .315 வகை. .303 இராணுவத் தோட்டா பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்தமையால், வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் லீ என்பீல்டு அமைப்பை ஒட்டி இவ்வகை செய்யப்பட்டது. இதன் தோட்டாவுக்கு அடியில் அகன்ற விளிம்பு உண்டு. அவ்விளிம்பு குழலின் பின்முகத்தில் தங்கி நிற்க, போல்ட் பின்னாலிருந்து அதைத் தாங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் விடப்படும் இடைவெளி மிக நுண்ணியது; .303 ரைபிளில் அது அங்குலத்தில் 0.064 முதல் 0.074 வரை இருக்கவேண்டும். தேய்மானத்தால் இடைவெளி மிகுந்தால், சுடும்போது கூட்டின் முன்பாகம் அறைச் சுவரைப் பற்றிக்கொள்ள, அடிப்பாகம் மட்டும் போல்ட்டை நோக்கிப் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. கெட்டியான அடிக்குச் சற்று மேலே சுவர் இழுபட்டு மெலிகிறது. ஒருநாள் அங்கேயே இரண்டு துண்டாகிறது. லீ என்பீல்டு வகையில் போல்ட்டின் பூட்டு பின்புறத்தில் இருப்பதால் போல்ட்டும் சற்று ஒடுங்கிக் கொடுக்கிறது. இழுபடுதல் இன்னும் அதிகமாகிறது.

இதற்கு முன்னறிவிப்பு உண்டு. கூட்டின் அடியிலிருந்து ஏறத்தாழ கால் அங்குலத்துக்கு மேல், பளபளப்பான வளையம் ஒன்று சுற்றிலும் தோன்றும். ஆனால் எல்லா வளையமும் ஆபத்தானதன்று. கெட்டியான அடிக்கு மேல் கூடு விரியும் இடத்தில் இயல்பாகவே ஒரு கோடு விழும். ஐயம் தீர, மெல்லிய கம்பி ஒன்றின் நுனியைச் சிறிது மடக்கி, சுடப்பட்ட வெறுங்கூட்டுக்குள் விட்டுச் சுவரைத் தடவி மேலே இழுத்துப் பாருங்கள். வளையம் உள்ள இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் சிக்கினால், அந்த ரைபிளை அளவியால் அளந்து பார்க்கும்வரை மேற்கொண்டு ஒரு தோட்டாவும் சுடலாகாது. கூடு உண்மையிலேயே இரண்டானால் அடித்துண்டு மட்டும் வெளியே வரும். முன்துண்டு அறையிலேயே தங்கிவிடும். அடுத்த தோட்டா உள்ளே போக மறுக்கும்போது, போல்ட்டைக் கைவலிமையால் அடித்துத் தள்ளுவோர் இருக்கிறார்கள். அது போன்ற பேதைமை வேறில்லை. தங்கிய துண்டை எடுப்பதற்கென்றே கருவி உண்டு. அது பழுது பார்ப்பவரிடம் இருக்கும்.

மேசைமீதிருந்த நான்கு கூடுகளிலும் கம்பியை விட்டுப் பார்த்தோம். உட்சுவர் வழவழவென்றிருந்தது. "பெரியவரே, சுடாத தோட்டாக்கள் மீதி இருக்கின்றனவா?" என்று வினவினோம். பதினொன்று இருப்பதாகச் சொல்லி அன்றே வீட்டிற்கு அழைத்துச் சென்றார். பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாய்ப் பார்த்தபோது, ஐந்தில், குண்டைக் கவ்வியிருக்கும் வாயருகே மயிரிழை போன்ற விரிசல் ஏற்கெனவே இருந்தது. சுடாத தோட்டாவில் விரிசல் என்றால், அதைத் துப்பாக்கி செய்திருக்க முடியாதல்லவா!

இந்த நோய் நம் நாட்டில் புதிதன்று. இதன் பெயரே நம் மழைக்காலத்தால் வந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், மழை மாதங்களில் படை நடமாட்டம் குறையும்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை நின்று எடுத்துப் பார்த்தால் பல தோட்டாக்கள், சிறப்பாகக் குண்டை இறுக்கிப் பிடிக்கும் வாயருகில், விரிசல் கண்டிருந்தன. ஆகவே இதைப் பருவ விரிசல் என்றார்கள். 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் இதன் காரணத்தை விளக்கினர். குதிரைகளின் சிறுநீர் சிதைந்து எழும் அம்மோனியாவே அது. பித்தளையை இழுத்து உருவாக்கும்போது உள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது; குண்டைக் கவ்வும் இடத்தில் அது மிகுதி. ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால், அந்த இறுக்கம் உள்ள இடத்தில் உலோகம் தானே பிளக்கிறது. இரண்டில் ஒன்று இல்லையேல் பிளவும் இல்லை. தக்க அளவு காய்ச்சி இறுக்கத்தைத் தணிப்பது தொழிற்சாலையின் வேலை. அம்மோனியாவை அண்டவிடாமல் காப்பது நம்முடைய வேலை.

பெரியவரின் தோட்டாக் கச்சை எங்கே தொங்குகிறதென்று பார்த்தோம். மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய உர அறையில், ஆணியொன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே அம்மோனியம் சல்பேட் மூட்டை. அதன் பக்கத்திலேயே சுண்ணாம்புக் கூடை. இவ்விரண்டும் ஈரத்தில் கலந்தால் அம்மோனியா எழுவதைப் பள்ளிச் சிறுவனும் செய்து காட்டுவான். மண்தரையில் சிந்திய யூரியாவும் ஈரத்தில் மெல்ல மெல்ல அதையே வெளியிடும். கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறிய நெடியே விடையைச் சொல்லிவிட்டது. "திருடன் எட்டிப் பார்க்காத இடம் என்று இங்கே வைத்தேன்" என்றார் அவர். திருடனைத் தடுத்தார்; காற்றைத் தடுக்கவில்லை.

பதினொரு தோட்டாக்களையும் உரிமம் பெற்ற வியாபாரியிடம் அவர் ஒப்படைத்தார். விரிசல் காணாத ஆறையும் வைத்துக்கொள்ளலாகாதா என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இல்லையென்று யார் உறுதி சொல்வது? ரைபிளை வேறொரு பழுது பார்ப்பவர் அளவி கொண்டு அளந்தார். இடைவெளி சரியாக இருந்தது. குழல் மாற்றவேண்டிய அவசியமும் இல்லை. புதுத் தோட்டா ஐந்தைச் சுடுதளத்தில் சுட்டதில் ஒரு கூடும் பிளக்கவில்லையென்று காரியதரிசி மூலம் சொல்லியனுப்பினார். புதுப் பெட்டி இப்போது வீட்டின் நடுக்கட்டில், பூட்டிய இரும்பு அலமாரியில் இருக்கிறது.

அன்று சங்கத்தின் உரக் கிடங்கிலும் ஒரு மூலையில், பழைய பித்தளைத் தராசுத் தட்டுகள் இரண்டு சல்பேட் மூட்டைகளின்மேல் கிடந்தன. அவற்றை அலுவலக அறைக்கு மாற்றும்படி பார்வைக் குறிப்பில் எழுதிவிட்டு வந்தோம்.