விரிசல் எங்கே என்று கேட்டுச் சொல்லும் வேலை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்கு உலைகளும் ரோலிங் மில்களும் நெருக்கமாக இயங்குகின்றன. கிரேன் ஓடும் உத்தரம் முதல் இயந்திர அடித்தளம் வரை எல்லாம் அதிர்வைத் தாங்கியாக வேண்டும். தெற்கே கடலோரம் அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் போனால் உப்புக்காற்று வேறு. கம்பியில் ஏறும் துரு, அது தின்ற இரும்பைப்போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கும். இந்த வட்டாரத்தில் சிவில், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவர்கள் கான்கிரீட் பரிசோதனை வேலையைக் கவனிக்க இதுவே போதுமான காரணம்.

அதில் நுட்பமான பிரிவு அக்கூஸ்டிக் எமிஷன், துறையில் ஏ.இ. என்பார்கள். விரிசல் நீளும் கணத்தில் ஓர் அதிர்வலை கிளம்புகிறது. காதுக்கு எட்டாத, பல்லாயிரம் ஹெர்ட்ஸ் அலை. கிரீஸ் தடவிப் பரப்பில் பதித்த சென்சார்கள் அதைப் பிடிக்கின்றன. எந்த சென்சாருக்கு எவ்வளவு முன்னதாக வந்தது என்பதை வைத்து இடம் கணிக்கிறோம்.

இந்தக் கணக்கை மென்பொருளிடம் விட்டுவிடாமல் கையால் போட்டுப் பழகுங்கள். இரண்டு சென்சார்களுக்கு நடுவே 1 மீட்டர். அலையின் வேகம் நொடிக்கு 4000 மீட்டர். நேர வித்தியாசம் 100 மைக்ரோ நொடி என்றால், தூர வித்தியாசம் 40 செ.மீ. ஆக, ஒன்றிலிருந்து 30, மற்றதிலிருந்து 70 செ.மீ. தொலைவில் விரிசல். வேகத்தை 10 சதவீதம் தவறாக எடுத்திருந்தால் இடம் 2 செ.மீ. நகரும். தளம், சுவர் போன்ற பரப்புக்குக் குறைந்தது 3 சென்சார், ஆழமும் தெரிய வேண்டுமானால் 4 அல்லது அதற்கு மேல்.

தொடங்குமுன் பென்சில் சோதனை கட்டாயம். 0.5 மி.மீ. பென்சில் முனையைத் தெரிந்த ஓர் இடத்தில் அழுத்தி ஒடியுங்கள். திரை அதே இடத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேகத்தையும் சென்சார் ஒட்டியிருப்பதையும் சரிபார்க்காமல் மேலே போகாதீர்கள். பென்சில் சோதனை செய்யாத அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

உண்மையான திறமை இரைச்சலைப் பிரிப்பதில் இருக்கிறது. கிரேன் சக்கரம், தளர்ந்த போல்ட், உரசும் தகடு எல்லாமே விரிசல்போலப் பதிவாகும். மில் பராமரிப்புக்கு நிற்கும் நேரத்தைக் கேட்டு வாங்கி அளந்து, பிறகு ஓடும்போது அளந்த பதிவோடு ஒப்பிடுங்கள். ஷிப்ட் ஃபோர்மேனிடம் நல்ல உறவு இருந்தால்தான் அந்த நேரம் கிடைக்கும்.

வளராமல் உறங்கும் பழைய விரிசல் பேசாது. அதனால்தான் ஏ.இ. சுமைச் சோதனையோடு சேரும்போது சிறக்கிறது. முன்பு தாங்கிய சுமையைத் தாண்டும்வரை பொருள் அமைதியாக இருக்கும் என்பதை ஜெர்மனியின் யோசஃப் கைசர் 1950-இல் முனைவர் பட்ட ஆய்வில் காட்டினார். அதற்கு முன்பே ஓசை வந்தால் சேதம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

இனி வேலைக்கான வழி. முதலிலேயே ஏ.இ. சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டாம். அன்றாடம் வேலை தருவது ரீபவுண்ட் ஹாம்மரும் யு.பி.வி. (அல்ட்ராசோனிக் பல்ஸ் வெலாசிட்டி) கருவியும்தான், இவற்றுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 516, பகுதி 5. இவற்றில் கை தேறிய பின், இந்திய என்.டி.டி. (சிதைக்காமல் சோதிக்கும் முறை) சங்கத்தின் பயிற்சிகளைப் பாருங்கள். அதன் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. தரமணியில் சி.எஸ்.ஐ.ஆரின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமும், ஐ.ஐ.டி. மெட்ராஸில் என்.டி.டி.க்கென்று தனி மையமும் உண்டு. கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலேறி, பறக்கும் ரயில் மாறினால் தரமணி வந்துவிடும். அங்கே பயிற்சி அறிவிப்பு வந்தால் விடாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் சிக்னல் பகுப்பாய்வும் கொஞ்சம் பைதானும் கற்றால், சிவில்காரர்களுக்கு இல்லாத பலம் கிடைக்கும். கான்கிரீட்டுக்கான ஏ.இ. முறைகளை 2019-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 16836, 16837, 16838 ஆகியவை வகுத்திருக்கின்றன. இந்த மூன்றின் பெயரையாவது தெரிந்துகொண்டு நேர்காணலுக்குப் போங்கள்.

எந்தப் பயிற்சி நிலையத்திலும் சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: கான்கிரீட் உத்தரத்தில் என் கையால் சென்சார் பதித்து, சுமை ஏற்றிப் பார்க்க விடுவீர்களா? இல்லை என்றால் அங்கே பணம் கட்டாதீர்கள்.