கடல் கடந்த வகுப்புக்கு எக்கருவி?

பல நாட்டுப் பிள்ளைகளை இணையத்தின் வழியே ஒரே வகுப்பில் சேர்க்க விரும்புவோர், துணி வெட்டுமுன் ஆளை அளப்பதுபோல், முதலில் பிள்ளைகளின் நிலையை அறிய வேண்டும். யார் எந்நாட்டில் இருக்கிறார்? கையில் என்ன தொலைபேசி? இணையத்திற்கு மாதம் எவ்வளவு செலவிட இயலும்?

ஜூம் இலவசமாக 100 பேரைச் சேர்க்கும். ஆனால் 40 நிமிடத்தில் நின்றுவிடும். கூகுள் மீட் 60 நிமிடம் தரும். சீனாவிலிருக்கும் பிள்ளைக்கோ அது எட்டாது, அங்கே கூகுளுக்குத் தடை. பிக்புளூபட்டன் பாடம் நடத்துவதற்கென்றே 2007இல் கனடாவில் தொடங்கப்பட்டது. அதை நடத்தத் தனிச் சர்வர் வேண்டும். பலர் நம்பியிருந்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. ஆகவே பாடங்களைத் தனியே பதிந்து வைத்தல் நலம்.

படத்தை நிறுத்திக் குரலை மட்டும் அனுப்பினால் செலவு வெகுவாய்க் குறையும். மெலிந்த இணைப்புள்ள பிள்ளைக்கும் எட்டும் கருவியே சிறந்தது.