மீன்தொட்டிக்கு எத்தனை லிட்டர் மோட்டார்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பெரம்பலூர்ப் பக்கத்தில் கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் போகிற விவசாயி, கடையில் முதலில் சொல்வது கிணற்றின் ஆழத்தைத்தான். தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும் என்று தெரியாமல் குதிரைத்திறனைப் பற்றி அவர் பேசுவதில்லை. வீட்டில் மீன்தொட்டி வைப்பவர்களோ அட்டைப்பெட்டியிலுள்ள லிட்டர்க் கணக்கை மட்டுமே பார்க்கிறார்கள்.

அரியலூரில் என் தாய்மாமன் வீட்டில் மூன்றடித் தொட்டி ஒன்றும், அதில் நான்கு தங்கமீன்களும் உள்ளன. "பெரிசா இருந்தா நல்லதுதானே" என்று கடைக்காரர் ஒருவர் 25 வாட், மணிக்கு 2000 லிட்டர் மோட்டாரைக் கொடுத்துவிட்டார். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி ஓய்ந்த மீன்கள் ஒரு மூலையிலேயே கிடந்தன. தீனியும் வாய்க்கு எட்டாமல் சுழன்று ஓடியது. "மாப்ள, பிசிக்ஸ்தானே படிக்கிற? இதுக்கு ஒரு வழி சொல்லு" என்றார் மாமா. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விடை சொல்லாவிட்டால் படிப்பின் மானமே போய்விடும்!

தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம். நீர் நிற்பது 1¼ அடி. பெருக்கினால் 3.75 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 106 லிட்டர். மணலுக்கும் கல்லுக்கும் கழித்தால் ஏறத்தாழ 95. தொட்டி நீர் முழுவதும் மணிக்கு நான்கு முறையாவது வடிகட்டியின் வழியே சென்று திரும்ப வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே தேவை 380 லிட்டர்.

அப்படியானால் 400 லிட்டர் மோட்டார் போதுமே எனலாம். போதாது. பெட்டியில் அச்சிட்டிருப்பது நீரைச் சற்றும் உயர்த்தாதபோது கிடைக்கும் அளவு. அதனருகில் மீட்டரில் ஓர் உயரமும் போட்டிருப்பார்கள். அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது! இரண்டுக்கும் இடையே, உயரம் கூடக் கூட வரத்து குறையும். உயரத்தை நீர்மட்டத்திலிருந்து குழாய் வாய்வரை அளக்க வேண்டும். மோட்டார் எவ்வளவு ஆழத்தில் மூழ்கியிருக்கிறது என்பது கணக்கில் வராது. வெளியே உள்ள நீரின் அழுத்தமே அதுவரை தூக்கிக் கொடுத்துவிடுகிறது.

மாமா வடிகட்டிப் பெட்டியை மேல்தட்டில் வைத்திருந்தார். உயரம் 70 செ.மீ. எனவே 800 லிட்டர், 1.4 மீட்டர் என்று போட்ட 12 வாட் மோட்டாரை மாற்றி வாங்கச் சொன்னேன். பொருத்தியபின் 10 லிட்டர் வாளி நிறைய 90 விநாடி ஆயிற்று. அதாவது மணிக்கு 400 லிட்டர். மீன்கள் மூலையை விட்டு வெளியே வந்தன.

மின்சாரத்தையும் பார்க்கலாம். இரவு பகலாக ஓடினால் 25 வாட் மோட்டாருக்கு இரண்டு மாதத்தில் 36 யூனிட். 12 வாட்டுக்கு 17 சொச்சம். அது மட்டுமன்று. மூழ்கிய மோட்டாரின் சக்தி ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக நீரில்தான் சேரும். 25 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இது சிறிய விஷயமன்று.

அரியலூர்க்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. சிமெண்டு ஆலைகளுக்குச் சோறு போடும் அதே சுண்ணாம்புக்கல்தான் ஆழ்குழாய் நீரையும் உப்பாக்குகிறது. சில மாதங்களில் மோட்டாரின் சுழலியில் வெள்ளைப் படிவு கட்டிவிடும். மாதம் ஒருமுறை வாளி வைத்துப் பாருங்கள். 90 விநாடி 120 ஆகிவிட்டால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுழலியைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊற வையுங்கள். நுரைத்துக்கொண்டு கரையும். நல்ல நீரில் அலசி மாட்டினால் மறுபடியும் 90 விநாடிக்கு வந்துவிடும்.