சோதித்தறிகிற அன்பு

வேதபாடம்: மாற்கு 5:25-34



பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால் வருந்திய ஸ்திரீயின் விசுவாசத்தை அடிக்கடி தியானிக்கிறோம். ஆனால் 26ஆம் வசனத்தை விரைவாய்க் கடந்துவிடுகிறோம். வைத்தியர் பலரிடம் அலைந்து காசெல்லாம் கரைந்தபின்பும் அவள் நோய் கூடியதேயன்றிக் குறையவில்லை. கொரோனா காலத்தில் இந்த வசனத்தைக் கண்ணாரக் கண்டோம்.

1. நல்லெண்ணம் மட்டும் போதாது

2020 மார்ச்சில் தென்கொரியாவின் சியோங்னாம் நகரிலுள்ள ஒரு சபையில், உப்புநீர் கிருமியைக் கொல்லும் என்று நம்பி, ஆராதனைக்கு வந்தவர்களின் வாயில் தெளித்தார்கள். ஒரே தெளிப்பான் வாய்க்கு வாய் சென்றது. 40க்கும் அதிகமானோருக்கு நோய் கண்டது. தெளித்தவர்கள் கேடு நினைக்கவில்லை, சோதித்தறியவும் இல்லை.

2. படித்தவர்களும் அவசரப்படலாம்

மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொரோனாவைத் தீர்க்கும் என்று 2020ல் பெரியவர்களும் பேசினார்கள். அதையே நம்பியிருந்த லூபஸ், மூட்டுவாத நோயாளிகள் அது கிடைக்காமல் தவித்தார்கள். மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் மரணத்தை அது குறைக்கவில்லை என்று ஜூன் மாதம் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு காட்டியது. அதே ஆய்வுதான், டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைப்பதையும் கண்டது. ஆனால் பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனில்லை. 2021ல் நம் தேசத்தில் அதையும் கண்டபடி உட்கொண்டார்கள். சர்க்கரை நோயாளிகள் பலர் கரும்பூஞ்சைக்கு இரையாக இதுவும் ஒரு காரணமாயிற்று. ஆகவே நல்ல மருந்துக்கும் ஏற்ற நோயாளி, ஏற்ற வேளை, ஏற்ற அளவு உண்டு.

3. நம் மலை கற்பித்த பாடம்

1918-19ல் இன்ஃபுளுயென்சா கொள்ளைநோய் கொல்லிமலையையும் தாக்கியது. அதற்கு அந்நாளில் எந்த வைத்தியரிடமும் மருந்தில்லை. மிஷனெரிகளான ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் அம்மையார் இருவரும் கஞ்சி காய்ச்சி நோயாளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சாகும் தறுவாயில் ஒரு பூசாரி தம் குழந்தையை அவர்கள் கையில் ஒப்புவித்தார். மருந்தில்லாத இடத்திலும் உண்மையான அன்பு நம்பிக்கையைச் சம்பாதிக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ?

"ஐயா, இந்த மருந்து கேட்குமா?" என்று படுக்கையருகே நிற்பவர்கள் கேட்கும்போது, "இன்னும் தெரியாது" என்று சொல்வது எங்களுக்கு எளிதல்ல. அது அவிசுவாசமும் அல்ல. எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும்படி பவுல் நமக்குப் போதிக்கிறார் (1 தெச. 5:21). அந்த ஸ்திரீயும் ஆண்டவர் பாதத்தில் விழுந்து, உள்ளதை உள்ளபடியே சொன்னாள் (வச. 33). சுகமளிக்கும் ஊழியமும் உண்மையின்மேல்தான் நிற்க வேண்டும்.

சிந்தனைக்கு: யாரோ சொன்ன மருந்தை, விசாரிக்காமல் பிறருக்குச் சொல்லியிருக்கிறோமா? அதனால் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வரத் தாமதித்தால் யார் உத்தரவாதம்?

ஜெபம்: கர்த்தாவே, எங்கள் நாவுக்குக் காவல் வையும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தாழ்மையையும், தெரிந்ததைத் தவறாமல் செய்யப் பெலனையும் தாரும். காணிக்கையாலும் ஜெபத்தாலும் இம்மலை ஜனங்களைத் தாங்குகிறவர்களை ஆசீர்வதியும். ஆமென்.