புதிய பதிப்பு ஏன் இன்னும் வரவில்லை?

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எரிச்சல் உண்டு. புதிய பதிப்பு தயாராகிவிட்டது என்று அறிவிப்பு வரும். நம் கம்ப்யூட்டரில் அப்டேட் கொடுத்தால் எதுவும் வராது. இதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை நான் சிரமப்பட்டுத்தான் கற்றுக் கொண்டேன்.

என் வீட்டு கம்ப்யூட்டரில் டெபியன் லினக்ஸின் டெஸ்டிங் பிரிவை வைத்திருக்கிறேன். பிடிஎப் பைல்களைக் கையாளும் ஒரு புரோகிராமின் புதிய பதிப்பு வேண்டியிருந்தது. ஒரு வாரம் பொறுத்தேன், வரவில்லை. அன்ஸ்டேபிள் பிரிவின் முகவரியை நானே சேர்த்து இன்ஸ்டால் செய்தேன். அது தனக்குத் தேவையான ஒரு புதிய லைப்ரரியையும் இழுத்துக் கொண்டு வந்தது. மறுநாள் காலை, சான்றிதழ்களை ஒரே பைலாக இணைக்கும் வேறொரு புரோகிராம் திறக்கவே இல்லை. என் மகளின் கல்லூரி விண்ணப்பத்திற்கு அன்றுதான் கடைசி நாள். பிரவுசிங் சென்டருக்கு ஓடி ஒருவழியாக அனுப்பினோம்.

பிறகுதான் டெபியனின் பேக்கேஜ் டிராக்கர் பக்கத்தைப் பார்த்தேன். அந்த லைப்ரரி டெஸ்டிங்கிற்கு வராமல் நிற்பதற்கான காரணம் ஒரே வரியில் இருந்தது: எங்கள் வீட்டில் திறக்காமல் போன அதே புரோகிராமின் சோதனை தோல்வி. கதவில் பூட்டு தொங்கியது. நான்தான் சுவர் ஏறிக் குதித்திருக்கிறேன்.

மூன்று பிரிவுகள்

டெபியனில் ஒரு பேக்கேஜ் முதலில் அன்ஸ்டேபிள் பிரிவுக்கு வரும். இதன் செல்லப்பெயர் சிட். டாய் ஸ்டோரி படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையனின் பெயர் அது, பொருத்தம்தான். அங்கிருந்து டெஸ்டிங், கடைசியில் ஸ்டேபிள். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 (ட்ரிக்ஸி) இப்படி வந்ததுதான்.

சிட்டிலிருந்து டெஸ்டிங்கிற்கு யார் போகலாம் என்று முடிவு செய்வது பிரிட்னி என்ற புரோகிராம். பேக்கேஜின் அவசரத்தைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாட்கள் காத்திருக்க வேண்டும். புதிதாகப் பெரிய பிழைகள் இருக்கக் கூடாது. இவற்றோடு தானியங்கிச் சோதனையும் சேர்ந்தது. 2018இல், சோதனையில் தோற்றால் கூடுதல் நாட்கள் காத்திருக்க வேண்டும் என்று தொடங்கினார்கள். பின்னர் அது முழுத் தடையாகவே மாறியது.

சோதனை எப்படி நடக்கிறது?

இதற்கான டூலின் பெயர் ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட். டெஸ்டிங் பிரிவு உள்ள ஒரு சிஸ்டத்தை எடுத்து, புதிய பேக்கேஜை மட்டும் சிட்டிலிருந்து கொண்டு வந்து சேர்க்கிறார்கள். பிறகு அதன் சோதனைகளை மட்டுமல்ல, அதை நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்களின் சோதனைகளையும் ஓட்டுகிறார்கள். நான் வீட்டில் செய்த அதே கலவை!

இங்கே முக்கியமான கேள்வி, "தோல்வியா?" என்பதல்ல, "புதிய தோல்வியா?" என்பதுதான். டெஸ்டிங்கில் உள்ள பழைய பதிப்பை வைத்து ஓட்டினாலும் அதே சோதனை தோற்கிறது என்றால் தடை இல்லை. முன்பு வெற்றி பெற்று, இப்போது தோற்றால்தான் பின்னடைவு என்று கொண்டு கதவை மூடுகிறார்கள். ஒரு புரோகிராமின் பதிப்பு எண்ணை மட்டும் கேட்டுப் பார்ப்பது போன்ற மேலோட்டமான சோதனைகளுக்கு மதிப்பெண் கிடையாது.

தோல்வி என்றால் பிழையா?

எப்போதும் இல்லை. மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. உண்மையான பிழை. எனக்கு நேர்ந்தது இது. லைப்ரரியையோ அதை நம்பியிருக்கும் புரோகிராமையோ திருத்தித்தான் ஆக வேண்டும்.

2. சோதனையின் பிழை. பிழைச் செய்திகளுக்கான வழியில் ஒரு வரி வந்தாலும் இந்த டூல் அதைத் தோல்வியாகவே கணக்கிடும். வேண்டாம் என்றால் சோதனை எழுதியவர் முன்பே சொல்லி வைக்க வேண்டும். "இந்த வசதி விரைவில் நீக்கப்படும்" என்ற வெறும் எச்சரிக்கை கூட ஒரு பேக்கேஜை நிறுத்திவிடலாம். புரோகிராம் நன்றாகவே ஓடும்.

3. சூழ்நிலையின் பிழை. நெட்வொர்க் தடங்கல், மெதுவான மெஷின். ஒருமுறை தோற்று, மறுமுறை வெல்லும். இவற்றை "நிலையற்றது" என்று குறித்து வைக்கும் வசதி உண்டு.

எது எந்த வகை என்று பிரிட்னிக்குத் தெரியாது. அதை மனிதர்கள்தான் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் வெளியீட்டுக் குழுவினர் ஒரு குறிப்பிட்ட தோல்வியை ஒதுக்கிவிடச் சொல்லிக் குறிப்பு தரலாம். இதில் ஆபத்தும் உண்டு. "நிலையற்றது" என்று எல்லாவற்றிற்கும் முத்திரை குத்தினால், உண்மையான பிழை வரும் நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அடிக்கடி பொய்யாக ஒலிக்கும் கார் அலாரம் போலத்தான்.

நாம் செய்ய வேண்டியது

* பேக்கேஜ் வரவில்லை என்றால் முதலில் டிராக்கர் பக்கத்தில் அதன் பெயரைத் தேடுங்கள். நிற்பதற்கான காரணம் அங்கேயே இருக்கும்.

* தோற்ற சோதனையின் பெயரைக் கவனியுங்கள். அது நீங்கள் தினமும் பயன்படுத்தும் புரோகிராமா? அப்படியானால் பொறுத்திருங்கள்.

* சிட்டையும் டெஸ்டிங்கையும் வேலை செய்யும் கம்ப்யூட்டரில் கலக்காதீர்கள். பரிசோதிக்க ஆசை என்றால் விர்ச்சுவல் மெஷினில் செய்யுங்கள்.

* எல்லாப் பேக்கேஜ்களுக்கும் சோதனை எழுதப்படவில்லை. "தோல்வி இல்லை" என்பதற்குப் "பிழை இல்லை" என்று பொருள் அல்ல. பேக்கப் அவசியம்.

நான் பழைய லைப்ரரியின் பதிப்பு எண்ணைக் கொடுத்து மீண்டும் இன்ஸ்டால் செய்து மீண்டேன். எப்போதும் இப்படித் தப்பிக்க முடியாது. இப்போதெல்லாம் அப்டேட் தாமதமானால் எனக்கு எரிச்சல் வருவதில்லை. எங்கோ ஒரு மெஷின், என் வீட்டில் நடந்திருக்க வேண்டிய கோளாறை முன்கூட்டியே பார்த்துவிட்டது என்று எடுத்துக் கொள்கிறேன்.