வெயில் நாட்களில் உத்ரெக்ட் நகரம்: போகிறவர்கள் அறிய வேண்டியது

அல்லாஹ்வின் பூமியில் வெப்பம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வருவதில்லை. வேலூரில் 35 டிகிரி என்றால் நாம் குடையைக்கூடத் தேடுவதில்லை. அதே 35 டிகிரி நெதர்லாந்தில் அடித்தால் ஆபத்து என்று அந்நாட்டவர் நடுங்குகிறார்கள். படிப்புக்கும் கணினி வேலைக்கும் அங்கே போகும் நம் பிள்ளைகளும், ஜூன், ஜூலையில் அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரும் "நாம் பார்க்காத வெயிலா?" என்று இதைச் சிரித்துத் தள்ளிவிடுகிறார்கள். அதனால்தான் இந்தப் பாடம்.

உத்ரெக்ட் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். அந்நாட்டு வானிலை நிலையம் அதன் பக்கத்து ஊரான டெ பில்ட்டில்தான் உள்ளது. அங்கே தொடர்ந்து 5 நாட்கள் 25 டிகிரியோ அதற்கு மேலோ பதிவாகி, அவற்றில் 3 நாட்களாவது 30 டிகிரியைத் தொட்டால், அதுவே அவர்கள் கணக்கில் வெப்ப அலை. கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் 2019 ஜூலை 25 அன்று தெற்கே கில்ஸ-ரையன் என்ற ஊரில் 40.7 டிகிரி பதிவானது. அந்நாடு 40 டிகிரியைக் கண்டது அதுவே முதல் முறை. 1944 முதல் நின்றிருந்த 38.6 டிகிரி என்ற சாதனை அதற்கு முந்தின நாள்தான் உடைந்திருந்தது. வழக்கமான கோடை வாரத்தைவிட அந்த ஒரு வாரத்தில் சுமார் 400 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலோர் 80 வயதைக் கடந்தவர்கள்.

காரணம் வீடுதான். குளிர்காலத்தில் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கவே அங்கே வீடு கட்டுகிறார்கள். சுவருக்குள் வெப்பத்தடுப்புப் பொதி, வாசல் பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். ஏசி பல வீடுகளில் கிடையாது. நம் வீடுகளில் தலைக்கு மேல் சுழலும் ஃபேனும் அங்கே அரிது. ஜூன் மாதத்தில் பகல் 16 மணி நேரத்துக்கும் அதிகம். ஆறுவதற்கு இரவு போதாது. மூன்றாம் நாள், நான்காம் நாள் ஆகும்போது ஓட்டுக்குக் கீழே உள்ள மாடி அறை அடுப்பாகிவிடும். மாணவர்களுக்கு வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த அறைதான்! ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டால் பயன் குறைவு. கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு உள்ளேயே தங்கிவிடும். மறைப்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். வெளியே அனல் அடிக்கும் பகலில் ஜன்னலை மூடி வைத்து, இரவில் இரு பக்கமும் திறந்து காற்றோட விட வேண்டும். காற்று வரட்டும் என்று நண்பகலில் ஜன்னலைத் திறந்து வைப்பது நம் ஊர்ப் பழக்கம்; அங்கே அது அனலை வீட்டுக்குள் அழைப்பதாகிவிடும்.

அடுத்தது நேரம். உத்ரெக்டில் கோடையில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரப்படி பிற்பகல் 1.40 வாக்கில். எனவே வெயிலின் உச்சம் மாலை 4, 5 மணியில் இருக்கும். "நாலு மணிக்கு மேல் வெயில் தாழ்ந்ததும் கிளம்பலாம்" என்ற நம் கணக்கு அங்கே பொய்த்துவிடும். கடும் வெப்பத்தில் லுஹரைத் தாமதப்படுத்தித் தொழ நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஒரு பயணத்தில் முஅத்தின் பாங்கு சொல்ல முனைந்தபோது, மணல் மேடுகளின் நிழல் கண்ணுக்குத் தெரியும் வரை பொறுக்கச் செய்தார்கள் என்று அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கடிகாரத்தைவிட நிழலைப் பார்த்து நடப்பது என்றால் இதுதான். ஜூன் இறுதியில் மஃரிப் இரவு 10 மணிக்கு. இஷாவுக்கு உள்ளூர்ப் பள்ளிவாசலின் அட்டவணையைப் பின்பற்றுவதே நல்லது.

ஆகவே ஊர் பார்ப்பது காலையிலும் மஃரிபுக்கு முந்தின இரண்டு மணி நேரத்திலும் இருக்கட்டும். 112 மீட்டர் உயரமுள்ள டோம் கோபுரத்தின் 465 படிகளை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அவுடக்ராக்ட் என்ற பழைய கால்வாயைத் தவறவிடக் கூடாது. தெரு மேலே இருக்க, கால்வாயின் இரு கரையும் நீர் மட்டத்தை ஒட்டிக் கீழே ஓடுகிறது. படகுச் சரக்கை இறக்கி வைக்கக் கட்டிய நிலவறைகள் அந்தக் கரையில் திறக்கின்றன. தெருவுக்கு அடியில் இருப்பதால் அவற்றில் சூடு குறைவு. மர நிழலும் நீர்க்காற்றும் அங்கே ஒன்றாகக் கிடைக்கும். சற்றுத் தள்ளியுள்ள அகழிக்கு ஒரு கதை உண்டு. 1970களின் தொடக்கத்தில் அதில் ஒரு பகுதியைத் தூர்த்து மோட்டார் சாலை போட்டார்கள். 2002இல் ஊர் மக்கள் வாக்களித்து அதை மாற்றக் கோரினார்கள். 2020 செப்டம்பரில் சாலை இருந்த இடத்தில் மீண்டும் தண்ணீர் நின்றது. குளத்தைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டிய ஊர்க்காரர்களான நாம் அந்தக் கரையில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். நிழல் வேண்டுமானால் அமெலிஸ்வேர்ட் காட்டுக்கு சைக்கிளில் போகலாம். 1982இல் நெடுஞ்சாலைக்காக அங்கே மரங்களை வெட்ட வந்தபோது மக்கள் மறித்துப் போராடினார்கள். வெட்டியது வெட்டியதுதான், மிஞ்சிய பெருமரங்கள் இன்றும் நிழல் தருகின்றன.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பாட்டில் மட்டும் கையில் இருந்தால் போதும். குளிக்க இறங்குவதில்தான் கவனம் வேண்டும். நீரின் தரத்தைச் சோதித்து அனுமதித்த ஏரிகளில் மட்டும் இறங்க வேண்டும். சூடு ஏறிய ஏரியில் நீலப்பச்சைப் பாசி படர்ந்தால் எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். அதை மீறக் கூடாது. கப்பல் ஓடும் பெரிய ஆறுகளில் நீந்தத் தெரிந்தவரும் இறங்கக் கூடாது. மேலே அமைதியாகத் தெரியும் நீர் அடியில் இழுக்கும்.

2015இல் ரமலானின் நடுவிலேயே வெப்ப அலை வந்தது. 18 மணி நேரத்துக்கும் நீண்ட நோன்பு அது. நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பை வேறு நாட்களுக்கு மாற்றிக்கொள்ள அல்லாஹ் தந்த சலுகையை, வெயிலில் மயங்கி விழும் நிலையில் உள்ளவர் வீம்புக்காக மறுக்க வேண்டியதில்லை. ரமலான் இப்போது குளிர்காலத்துக்கு நகர்ந்துவிட்டாலும் அரஃபா, ஆஷூரா நோன்புகள் கோடையில் வரும் ஆண்டுகளில் இந்தக் கேள்வி எழவே செய்யும்.

ரயில் நிலையத்துக்கு மேற்கே லொம்போக் பகுதி. துருக்கி, மொராக்கோ நாட்டவரின் காய்கறிக் கடைகளும் இறைச்சிக் கடைகளும் அங்கே நிறைய. ஜும்ஆவுக்குப் போக உலு பள்ளிவாசலும் அருகில்தான். அரை நூற்றாண்டுக்கு முன் ஆலை வேலைக்கு வந்த அந்த இளைஞர்கள் இன்று முதியவர்கள். 2007 முதல் அந்நாட்டில் வெப்பத்துக்கென ஒரு தேசியத் திட்டம் உண்டு. தண்ணீர் குடியுங்கள், உடலைக் குளிர்ச்சியாக வையுங்கள் என்பதோடு, ஒருவரையொருவர் விசாரியுங்கள் என்றும் அது சொல்கிறது. உறவான அண்டை வீட்டார், அந்நியரான அண்டை வீட்டார் இருவரையும் குர்ஆன் (4:36) சேர்த்தே சொல்கிறது. அங்கே தங்கியிருக்கும் நம் பிள்ளை வெப்ப அலை நாட்களில் காலை ஒரு முறையும் இரவு ஒரு முறையும் தனியே வசிக்கும் பக்கத்து வீட்டு முதியவரின் கதவைத் தட்டட்டும். பேச்சு குழறினாலோ, தோல் சூடாக வறண்டிருந்தாலோ, தட்டியும் பதில் வராவிட்டாலோ 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும். டச்சு மொழி தெரியாவிட்டாலும் ஆங்கிலத்திலேயே பேசலாம்.